எச்சரிக்கை: டீசலுக்கு மாற்றித் தருகிறோம் என்று 1,85,000 ரூபாயைப் பறித்த பட்டறை

பழைய ஜீப் பிக்கப்பைச் சரிசெய்து டீசலுக்கு மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கோவைப் பக்கம் ஒரு பட்டறை 1,85,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பெயிண்ட் அடித்த ஓட்டை எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டது.

பொள்ளாச்சியில் அப்பா தேங்காய் ஏற்ற வைத்திருந்த மகேந்திரா பிக்கப் அது. பெட்ரோல் எஞ்சின், போடுகிற பெட்ரோலுக்குத் தேங்காய்க் காசு காணாது. அதே நிறுவனம் தன் ஜீப்களில் பொருத்திய எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினை வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். "போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், பம்ப் எல்லாம் முடித்தது. ஆர்.சி. மாற்றமும் எங்கள் பொறுப்பு." ஸ்டாண்டில் வைத்து ஓட்டியும் காட்டினார். முதல் செல்ஃபிலேயே பிடித்தது. "அண்ணா, உங்கள் அப்பா வண்டி எனக்கும் அப்பா வண்டிதான்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

வந்த கொஞ்ச நாளிலேயே ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை, உள்ளே தேய்ந்த எஞ்சினின் அடையாளம். போன் செய்தால், "புதுசு அண்ணா, ஓட ஓடச் சரியாகும்." அப்புறம், "மேஸ்திரி ஊரில் இல்லை." அப்புறம், "டீசலில் தண்ணீர் இருக்கும், பங்க்கில் கேளுங்கள்." இப்போது எடுப்பதே இல்லை.

உள்ளூர் மெக்கானிக் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியை (சம்ப்) கழற்றி கிராங்க் பேரிங்கை இறக்கினார். மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. திருப்பினால் முதுகில் 'எஸ்.டி.டி.' முத்திரை, அதாவது கடையாத கிராங்குக்கான அசல் அளவு. கிராங்கைக் கடைந்திருந்தால் அங்கே 0.25, 0.50 என்று அளவு இருந்திருக்க வேண்டும். பில்லில் மட்டும் கடைந்திருக்கிறார்கள்!

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைவிடக் கொடுமை. பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் எண் இருக்கும் இடத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். பெயிண்ட் கரைந்ததும் பழைய எண்ணை அழித்த கிரைண்டர் கீறல், அதன்மேல் கோணல்மாணலாகக் குத்திய எண்கள். எஞ்சின் மாற்றுவதற்கான முன் அனுமதிக்குப் பட்டறைக்காரர் விண்ணப்பமே போடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி அது கட்டாயம். மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. அது விழுவது உரிமையாளர் தலையில்.

கழற்றிய பெட்ரோல் எஞ்சினையாவது கொடுங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "எடைக்குப் போட்டாயிற்று" என்றார். அப்பாவின் எஞ்சின்! 1,85,000 ரூபாயும் போய், அதுவும் போயிற்று.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. எஞ்சின் எண்ணை பெயிண்டைத் துடைத்துப் பாருங்கள். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல் இல்லாமல் தொடாதீர்கள். அனுமதி கைக்கு வரும்வரை பழைய எஞ்சினைக் கழற்ற விடாதீர்கள். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். இதே பட்டறையில் பணம் இழந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.