பவர் ஜோன் பயிற்சி: ஈசிஆர் குரூப் ரைடில் டிராப் ஆகாமல் இருக்க எவ்வளவு உதவும்?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் விடிகாலை ஓடும் வேகமான சைக்கிள் குரூப்களில், சீரான வேகத்தில் போகும்போது பின்தங்குகிறவர்கள் குறைவு. 36 கி.மீ. வேகமானாலும் முன்னால் போகிறவரின் வீலை ஒட்டியிருந்தால் சமாளித்துவிடலாம். யூ-டர்ன் முடிந்து எழுந்து மிதிக்கும் 20 நொடி, சிக்னலில் நின்று கிளம்பும் தருணம், முன்வரிசையில் ஒருவர் வேகம் கூட்டும் ஒரு நிமிடம்: ஆளைக் கழற்றிவிடுபவை இவைதான். அதுவும் முதல் சர்ஜில் (திடீர் வேகக் கூட்டலில்) அல்ல, ஆறாவதிலோ ஏழாவதிலோ. ஒரு வருடத்துக்கு மேல் பவர் மீட்டரோடு (மிதிக்கும் பலத்தை வாட்டில் அளக்கும் கருவி) ஓட்டினால் ரைடு பதிவுகளில் இது திரும்பத் திரும்பத் தெரியும். ஆகவே வளர்க்க வேண்டியது சர்ஜ்களுக்கு நடுவே மூச்சை மீட்கும் திறன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட். 20 நிமிடம் முழுப் பலத்தில் மிதித்து, வரும் சராசரியில் 95 சதவீதம் எடுப்பது வழக்கம். அதற்கு முன் 5 நிமிடம் முழு வேகத்தில் மிதித்து, இடையில் 10 நிமிடம் ஓய்வாக ஓட்ட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த 5 நிமிடத்தைத்தான். விட்டால், ஸ்பிரிண்ட் பலம் உள்ளவர்களுக்கு எண் ஏறித் தெரியும். பிறகு ஒவ்வொரு இன்டர்வெலும் (இடையிடையே ஓய்வு விட்டுக் கடினமாக மிதிக்கும் பயிற்சி) தகுதிக்கு மேலாகி, மூன்றாவது வாரத்தில் கால் செத்துப்போகும். சந்தேகம் இருந்தால் 5 வாட் குறைத்து வைப்பதே நல்லது. ரோட்டில் 20 நிமிடம் தடையில்லாமல் கிடைப்பது அரிது என்பதால் ட்ரெயினரில் (வீட்டில் சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) செய்யலாம். ஆனால் பெரிய ஃபேன் கட்டாயம். சென்னைப் புழுக்கத்தில் அது இல்லாமல் செய்தால் பின்பாதியில் வாட் சரிந்து எண் குறைவாக வரும்.

எஃப்டிபி 220 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ காகன் எஃப்டிபியின் சதவீதமாக வகுத்த ஏழு பவர் ஜோன்களின்படி (பலத்தின் படிநிலைகள்) 123 முதல் 165 வாட் வரை இரண்டாம் ஜோன், 200 முதல் 231 வரை நான்காவது, 233 முதல் 264 வரை ஐந்தாவது.

குரூப் ரைடுக்கு மிக நெருக்கமான பயிற்சி 30/15. முப்பது நொடி 260 வாட் அளவில், பதினைந்து நொடி 110 முதல் 130-ல்; இப்படி 13 முறை ஒரு செட், 3 நிமிட இடைவெளியோடு 3 செட். நார்வே ஆய்வாளர் ரோன்னெஸ்டாட் சோதித்த அமைப்பு இது. முதல் வாரம் 8 முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் நான்கில் 300 வாட் போட்டு, கடைசியில் 230-க்கு விழுந்தால் அந்த செட் வீண். இன்னொரு நாள் ஓவர்-அண்டர், அதாவது எஃப்டிபிக்குச் சற்றுக் கீழும் மேலுமாக மாறி மாறி மிதிப்பது: 2 நிமிடம் 209 வாட், 1 நிமிடம் 231 வாட் என்று 9 நிமிடம், மூன்று முறை. ஞாயிறு குரூப் ரைடே மூன்றாவது கடினமான நாள். மற்ற நாட்களில் இரண்டாம் ஜோன் மட்டும். "ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று அதை 180-க்கு ஏற்றுகிறவர்களுக்குத்தான் செவ்வாய்க்கிழமை இன்டர்வெல் முடியாமல் போகிறது.

ரைடு நடக்கும்போது திரையைப் பார்த்து வாட்டைக் கட்டுப்படுத்த முயல வேண்டாம். முன்னால் இழுக்கும்போது மட்டும் பாருங்கள்: 250-ஐத் தாண்டினால் ஒரு நிமிடத்துக்குள் விலகிக்கொள்ளுங்கள். மூன்றாவது முதல் ஆறாவது இடம் பாதுகாப்பானது. கடைசி இடத்தில் இருப்பவர் யூ-டர்னில் அதிகம் பிரேக் போட்டு, அதிக நேரம் விரட்ட வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது கடல் காற்று வலப்பக்கமிருந்து அடித்தால், முன்னால் இருப்பவரின் நேர் பின்னால் அல்ல, சற்று இடப்பக்கமாகத்தான் மறைவு கிடைக்கும். சமதள ரோட்டில் உடல் எடையைவிட முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டுவது அதிகம் மிச்சம் தரும்.

கருவியிலும் கவனம் தேவை. இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டர், இடது 48, வலது 52 என்று மிதிப்பவருக்கு 220 வாட்டை 211 என்றே காட்டும். ஏறி இறங்காமல் எப்போதும் அதே அளவு பிசகினால் பரவாயில்லை; களைத்ததும் விகிதம் மாறுகிறவர்களுக்கு அது ஏமாற்றும். பெடல் மீட்டரில் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நீளத்தைச் சரிபாருங்கள். 170 மி.மீ. கிராங்க்கை 172.5 என்று பதிந்திருந்தால் ஒன்றரை சதவீதம் கூடுதலாக வரும். ஏசி அறையிலிருந்து சைக்கிளை எடுத்த கையோடு ஜீரோ ஆஃப்செட் (மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்வது) செய்யாதீர்கள். வெளியே 10 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள். திரையில் 3 நொடி சராசரியும், இன்டர்வெலுக்கு லேப் சராசரியும் (அந்த ஒரு பகுதிக்கான சராசரி) போதும். வீட்டில் ட்ரெயினர் காட்டும் வாட்டும் மீட்டர் வாட்டும் 10, 15 வித்தியாசப்படலாம். உள்ளேயும் வெளியேயும் மீட்டரின் எண்ணையே எடுத்துக்கொண்டு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே மீட்டரில் மறுசோதனை செய்யுங்கள்.