கதேயின் ரோமன் எலிஜிகள்: மேசையில் சிந்திய மது

ஜெர்மன் கவிஞர் கதே ஈரடிகளில் எழுதிய காதல் கவிதைகளின் தொகுப்பு இது. இந்தப் புத்தகத்தைப் பதினைந்தாம் கவிதையிலிருந்து தொடங்குங்கள். இடம், ரோம் நகரத்து மதுக்கடை. கவிஞன் தன் ஜெர்மானிய நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். காதலி தாயோடும் மாமனோடும் வந்து எதிர்ப்புறம் அமர்கிறாள். அவனுக்குப் பாதி முகமும் முழுப் பிடரியும் தெரியும்படி பெஞ்சை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொள்கிறாள். கைதவறியதுபோல் மதுவைச் சிந்தி, ஈரத்தில் விரலால் இரண்டு பெயர்களையும் பின்னுகிறாள். பிறகு ரோமானிய எண்ணில் ஐந்து, அதன் முன்னால் சிறு கோடு. நான்கு! அவன் பார்த்ததும் வட்டம் வட்டமாக இழுத்து அழித்துவிடுகிறாள். அங்கே அப்போது இருட்டியதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். ஆகவே முதலில் இரவு வர வேண்டும், அதற்கு மேல் நான்கு மணி நேரம். தவிப்பில் உதட்டைக் கடிக்கிறவனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

1786 செப்டம்பரில் பொய்ப்பெயரில் இத்தாலிக்குக் கிளம்பியவர் கதே. ஆனால் இந்தக் கவிதைகளை எழுதியது 1788இல் ஜெர்மனியில் தான் வாழ்ந்த வைமார் நகருக்குத் திரும்பிய பிறகு. செயற்கைப் பூக்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த கிறிஸ்டியானே வுல்பியுஸ் அப்போதுதான் அவர் வாழ்க்கைக்குள் வருகிறாள். ஆக, நகரம் ரோம். காதல் பெரும்பாலும் வைமார் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் கவிதைதான் எல்லோரும் சொல்வது. பகலெல்லாம் பழைய நூல்களைப் புரட்டுகிறவன், இரவில் காதலியின் உடலைத் தொட்டுப் பளிங்குச் சிலைகளைப் புரிந்துகொள்கிறான். அவள் தூங்கும்போது முதுகில் விரலால் தாளமிட்டு யாப்பை எண்ணுகிறான். படிப்பும் காமமும் இவ்வளவு கூச்சமில்லாமல் ஒரே படுக்கையில் கிடப்பதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. பதினேழாம் கவிதையில் குரைக்கும் நாய் நம் அகப்பாடல்களில் காதலர் இரவில் ஒளிந்து சந்திக்கும் இரவுக்குறியிலிருந்து ஓடிவந்ததுபோல் இருக்கிறது. ஆனால் இவனுக்கு அந்தக் குரைப்பு பிடித்துவிட்டது. அவள் ஒளிந்து வந்த இரவில் குரைத்த நாய் அல்லவா!

உறுத்தல்களும் உண்டு. வடக்கிலிருந்து வந்தவன் பணத்தில் தாராளமானவன் என்பதால் தாயும் மகளும் மகிழ்கிறார்கள் என்று இரண்டாம் கவிதை பெருமையடிக்கிறது, படிக்கக் கசந்தது. நல்லவேளையாக ஆறாம் கவிதையில் அவளே வாய் திறந்து, ஊர்ப்பேச்சை நம்பிச் சந்தேகப்பட்டவனை வெளுத்து வாங்குகிறாள். பத்தொன்பதாம் கவிதையில் புகழ்த்தேவதைக்கும் காமனுக்கும் நடக்கும் சண்டை நீளம். தெய்வங்கள் கூடக்கூட எனக்குத் தூக்கம் வந்தது.

1795இல் கதேயின் நண்பரான கவிஞர் ஷில்லர் தன் இதழில் வெளியிட்டபோது இருபது கவிதைகளே அச்சேறின. மீதி நான்கு அப்போது அடக்கிவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, காதலர்களைத் துரத்தும் பால்வினை நோயைப் பற்றிப் புலம்புகிறது. பளிங்கு ரோமுக்குள் இந்த அச்சமும் இருந்தது தெரிய வேண்டாமா? எனவே இருபத்து நான்கும் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மன் மூலம் எதிர்ப்பக்கத்தில் இருந்தால், மொழி தெரியாவிட்டாலும் ஈரடிகளின் நடையை உரக்கப் படித்துப் பார்க்கலாம். என் பிரதியில் குறிப்புகள் எல்லாம் கடைசியில் கிடக்கின்றன. ஒவ்வொரு தெய்வத்துக்கும் முத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓட வேண்டியிருக்கிறது.