யால சபாரி: மலைநாட்டுல இருந்து போறவங்க கதிர்காமம் பக்கமா போங்க

யால தேசிய பூங்கான்னா எல்லாரும் திஸ்ஸமஹாராமையில ரூம் போட்டு பலட்டுபான கேட் வழியா தான் உள்ள போறாங்க. நம்ம பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை பக்கமிருந்து எறங்குறவங்களுக்கு கதிர்காமத்துல தங்கி கட்டகமுவ கேட் வழியா போறது தான் நல்லதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். பூங்காவ பிளாக் பிளாக்கா பிரிச்சிருக்காங்க, ரெண்டு கேட் வழியாவும் முதலாம் பிளாக்குக்கு தான் போவோம், கட்டகமுவ பக்கம் ஜீப் நெரிசல் குறைவு, கதிர்காமம் முருகன் கோயிலும் கும்பிட்ட மாதிரி ஆச்சு.

அம்மா, மாமா, தங்கச்சி பிள்ளைங்கன்னு குடும்பமா போனோம். ஜீப் கதிர்காமத்து அண்ணன் ஒருத்தரோடது, சிங்களவர் தான், ஆனா தமிழ் நல்லா பேசுறாரு. போன்லயே வயசானவங்க இருக்காங்களா, சின்ன பிள்ளைங்க இருக்கான்னு கேட்டுட்டு, எல்லாரும் அடையாள அட்டை கொண்டு வாங்க, பொலித்தீன்ல சாப்பாடு கட்டாதீங்கன்னு சொல்லிட்டாரு. உள்நாட்டு ஆளுங்களுக்கு டிக்கட் பெருசா ஒண்ணுமில்ல, சல்லி போறது ஜீப்புக்கு தான், அதனால ஜீப்ப பாத்து புடிங்க.

கேட் காலையில 6 மணிக்கு தொறக்குது, அதுக்கு முன்னாடியே வரிசையில நின்னோம். இந்த அண்ணன்கிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது, மிருகத்த பாத்தா எஞ்சின நிப்பாட்டிருவாரு. முன்னாடி ஒரு தடவ வேற ஜீப்ல போனப்போ சிறுத்தை நிக்குதுன்னு போன் வந்ததும் தூசி பறக்க ஓட்டிட்டு போயி பத்து இருவது ஜீப்புக்கு பின்னால நிப்பாட்டுனாங்க, வாலு கூட தெரியல. இவரு ஒரு குளத்தோரமா நிப்பாட்டிட்டு பேசாம இருங்கன்னாரு. யானை குட்டியோட வந்து தண்ணி குடிச்சிச்சு, முதலை கரையில கெடந்துச்சு, அந்தப்பக்கம் எருமையும் புள்ளிமானும், அம்மா கையெடுத்து கும்புட்டுட்டே பாத்துட்டு இருந்தாங்க.

பாலைப்பழ காலத்துல போனதால கரடியும் கெடச்சிச்சு. மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் அந்த பழத்துக்காக கரடி மரத்துலயே ஏறிரும், சிறுத்தைய விட கரடிய பாக்குறது கஷ்டம்னு அண்ணன் சொன்னாரு. சிறுத்தையும் பாத்தோம், பாறை மேல படுத்திருந்துச்சு, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு போயிருச்சு. பூங்கா மொத்தம் 979 சதுர கிலோமீட்டர், முதலாம் பிளாக் அதுல 141 தான், ஆனா உலகத்துலயே சிறுத்தை நெருக்கமா இருக்குற எடங்கள்ல அது ஒண்ணு. நம்ம தேயிலைத் தோட்டத்து பக்கம் சிறுத்தை கம்பி வலையில மாட்டி தான் கண்ணுல படுது, 2020ல நல்லதண்ணி பக்கம் மாட்டுன கருஞ்சிறுத்தை செத்தே போச்சு. அத நெனைக்கிறப்போ, இங்க ஒரு சிறுத்தை பயமில்லாம படுத்திருக்கிறத பிள்ளைங்க பாத்தது எனக்கு பெரிய சந்தோஷம்.

நாள் முழுக்க எடுத்தா பட்டனங்கல கடற்கரையில எறங்கலாம், 2004 சுனாமியில செத்தவங்களுக்கு அங்க நினைவுச்சின்னம் இருக்கு. கோயில்ல நம்ம குளிக்கிற மாணிக்க கங்கை இந்த காட்டுக்குள்ள ஓடி தான் கடலுக்கு போகுது. கிழக்குக் கரையில இருக்குற உகந்தை முருகன் கோயில்ல இருந்து கதிர்காமத்துக்கு பாதயாத்திரை வர்றவங்களும் குமண, யால காட்ட நடந்து தான் கடந்து வர்றாங்க.

கொறைன்னா ஜீப் சீட்டு தான், மாமாவுக்கு இடுப்பு வலி வந்திருச்சு, பெரியவங்க இருந்தா அரைநாளே போதும். தண்ணி, தொப்பி, காலையில குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

வெல்லவாயவுக்கு அப்புறம் புத்தள வழியா போனா ரோட்லயே யானை நிக்கும், சாப்பாடு எதுவும் குடுக்காதீங்க, குடுத்து பழக்குனதால தான் அதுங்க வண்டிய மறிக்குது. இருட்டுனதுக்கு அப்புறம் அந்த ரோடு வேணாம். ஆடித் திருவிழா நேரம்னா ரூம் முன்கூட்டியே சொல்லி வைங்க, செப்டம்பர் 1ல இருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் வழக்கமா முதலாம் பிளாக்க மூடிருவாங்க, அதனால லீவு போடுறதுக்கு முன்னாடி தேதிய பாத்துக்கோங்க.