மாங்காய் மண்டியில் லினக்ஸ் சர்வர்: சில சீசன்கள் ஓட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கும் கம்ப்யூட்டரும் நான்தான் பார்க்கிறேன். படித்தது பி.காம். எடை போட்டு பில் அடிக்கும் மென்பொருளை லினக்ஸ் சர்வரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதைத் தினமும் பார்த்துக்கொள்ள மண்டியிலேயே ஒரு ஆள் வேண்டும் என்று ஆனது, அப்படித்தான் நான், கட்டளையை எழுத்தில் அடித்து மெஷினை இயக்கும் கமாண்ட் லைன் பக்கம் வந்தேன். அதன்பிறகு பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று சில சீசன்கள் வந்து போய்விட்டன. லினக்ஸ் நிர்வாகம் கற்கலாமா, எங்கே தொடங்குவது என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். என் அனுபவத்தை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகள் சீக்கிரம் வந்துவிடும். ஃபைல்களைப் பட்டியலிட, டைரக்டரி மாற, காப்பி எடுக்க, நகர்த்த, அழிக்க என்று இருக்கும் எல்எஸ், சிடி, சிபி, எம்வி, ஆர்எம் எல்லாம் ஒரு மாதத்தில் கை தானாக அடிக்கும். மெஷின் என்ன சொல்கிறது என்று நின்று படிக்கிற பழக்கம்தான் லேசில் வராது. எரர் மெசேஜ், லாக் (மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவு), மேன் பக்கம் (மெஷினிலேயே இருக்கும் கையேடு) இந்த மூன்றையும் பொறுமையாகப் படிக்கிறவன் நிர்வாகி ஆகிறான். நூறு கட்டளைகளை மனப்பாடம் செய்தவனைவிட, பத்துக் கட்டளைகளோடு லாக் படிக்கத் தெரிந்தவன் சீசன் நேரத்தில் உதவுவான்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம். பழகுவதற்கு ஓசூரில் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கினேன், 8 ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வரின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு போட்டேன். எல்டிஎஸ் என்றால் 5 வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் புது எல்டிஎஸ் வெளிவரும். மண்டி மாதிரி இடத்துக்கு இதுதான் சரி, ஏனென்றால் மே முதல் ஜூலை வரை எதையும் தொட முடியாது. இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் வர்ச்சுவல் மெஷினில் பழகலாம், தப்பில்லை. ஆனால் தனியாக ஒரு பெட்டி மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட் போகும், டிஸ்க் நிறையும், கேபிள் கழன்றுகொள்ளும், அதெல்லாம்தானே நிர்வாகம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது, விண்டோஸ் 11 ஏற்க மாட்டாத நல்ல மெஷின்கள் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. புதிதாக வாங்கவே வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கையில் லினக்ஸ் இருந்தும் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம், சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

மேன் பக்கங்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எப்படிப் படிப்பது என்று சொல்ல மாட்டார்கள். அதில் பிரிவுகள் உண்டு. 1 என்றால் கட்டளைகள், 5 என்றால் ஃபைல் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விவரம், 8 என்றால் நிர்வாகக் கட்டளைகள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது கிரான், அதற்கான பட்டியல் கிரான்டேப். வெறுமனே 'மேன் கிரான்டேப்' என்று அடித்தால் கட்டளையின் விளக்கம் வரும். நமக்கு வேண்டியதோ நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது, அது 'மேன் 5 கிரான்டேப்' அடித்தால்தான் கிடைக்கும். இது தெரியாமல் பலர் மேன் பக்கமே உதவாது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே போனதும் சாய்வுக்கோடு போட்டுச் சொல்லைத் தேடலாம், என் அடித்தால் அடுத்த இடம், க்யூ அடித்தால் வெளியே. இந்த மூன்று கீ போதும், ரொம்ப தூரம் போகலாம்.

பர்மிஷன் கணக்கு எளிது. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இடம், அவ்வளவுதான். 644, 755 இரண்டும் பழகிவிட்டால் மற்றவை தானாகப் புரியும். ஒன்றே ஒன்று, ஏதாவது வேலை செய்யவில்லை என்றதும், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

எங்களுக்கு இதில் பாடம் கிடைத்தது எடைமேடையில். லாரி ஏறி நின்றதும் எடையைக் காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வரும், அதை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் 'டெவ்' டைரக்டரியில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு ஃபைலாகத் தெரியும். அதைப் படிக்க அந்த யூசர் 'டயல்அவுட்' என்ற குழுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பர்மிஷன் டினைட். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். சரி, அதுவும் முடிந்தது, ஒருநாள் எடை வரவில்லை. யாரோ பெருக்கும்போது கேபிள் கழன்று மறுபடி செருகியிருக்கிறார்கள், மென்பொருள் பழைய ஃபைலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் புதிதாகச் செருகியது டிடிஒய்யுஎஸ்பி1 என்று வந்துவிட்டது. மெஷினின் உள்செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையின் கடைசி வரிகளில் இது அப்படியே எழுதியிருந்தது. இதற்கு நிலையான வழி 'டெவ் சீரியல் பை-ஐடி' என்ற இடத்தில் இருக்கும் பெயரைப் பயன்படுத்துவது. மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் தனி சீரியல் எண் இருக்காது, ஒரே மாதிரி இரண்டு செருகினால் பை-ஐடியில் ஒன்றுக்கொன்று மோதும், அப்போது எந்த யுஎஸ்பி துளை என்பதை வைத்துப் பெயர் தரும் 'பை-பாத்' உதவும். நாங்கள் பை-பாத் வைத்து, துளை மேல் பெயின்ட்டால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டோம்.

அடுத்து கரண்ட். கோடைமழைக் காற்றடித்தால் எங்கள் பக்கம் லைன் போய்விடும், யுபிஎஸ் இருந்தாலும் பேட்டரி எப்போதும் நல்ல நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. காலையில் வந்து பார்த்தால் மெஷின் புதிதாக பூட் ஆகியிருக்கும். பேட்டரி தீர்ந்து விழுந்ததா, யாராவது பட்டனை அழுத்தினார்களா? 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1' என்று அடித்தால் முந்தைய பூட்டின் பதிவு வரும், அதன் கடைசிக்குப் போங்கள். பட்டனை அழுத்தியிருந்தால் பவர் கீ அழுத்தப்பட்டதாக ஒரு வரி இருக்கும், அதன்பின் ஒவ்வொரு சர்வீஸும் வரிசையாக நின்ற விவரம் இருக்கும். கரண்ட் போய் விழுந்திருந்தால் பதிவு பாதியில் அறுந்திருக்கும், அவ்வளவுதான். இதை வைத்துத்தான் முதலாளியிடம் பேட்டரி மாற்றச் சொல்லிக் கேட்டேன், பதிவைக் காட்டியதும் வாங்கிக் கொடுத்தார். 'வார் லாக் ஜர்னல்' என்ற டைரக்டரி இருந்தால்தான் பழைய பூட்டின் பதிவு டிஸ்க்கில் தங்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது டிஸ்க் நிறைந்த நாள். ஜூன் மாதம், வாசலில் வண்டிகள் நிற்கின்றன, பில் போடும் பையன் ஓடிவந்து, "அண்ணா, பில் சேவ் ஆக மாட்டேங்குதுண்ணா, ஸ்பேஸ் இல்லைன்னு காட்டுது" என்றான். டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் மைனஸ் எச்' அடித்தால் 100 சதவீதம். எது இடத்தைத் தின்கிறது என்று 'டியு' வைத்து டைரக்டரி டைரக்டரியாகக் கூட்டிப் பார்த்தால் டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. இரண்டு கட்டளையும் ஒரே டிஸ்க்கைப் பற்றி வேறு வேறு கணக்குச் சொல்கின்றன. இங்கேதான் பலர் ரீஸ்டார்ட் செய்வார்கள், செய்தால் சரியாகியும்விடும், காரணம் மட்டும் தெரியாமலே போகும்.

காரணம் இதுதான். லினக்ஸில் ஒரு ஃபைலை அழிப்பது என்றால் அதன் பெயரை டைரக்டரியிலிருந்து எடுப்பது. அந்த ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. டியு பெயர்களைப் பார்த்துக் கூட்டுகிறது, அதனால் அதன் கண்ணுக்கு அந்த ஃபைல் இல்லை. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடமே (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் அமைப்பு) கேட்கிறது, அதனால் அது கணக்கில் இருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' என்று அடித்தால் பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள் பட்டியலாக வரும். எங்கள் பில்லிங் சர்வீஸின் லாக் ஃபைல் அங்கே பெரிய அளவில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் 'டிலீட்டட்' என்று எழுதி. லாக்குகள் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொட்டேட் பழைய லாக்கை ஒதுக்கி அழித்துவிட்டது, சர்வீஸோ அதையே பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் இடம் வந்துவிட்டது, வண்டிகள் நகர்ந்தன. அன்று சாயங்காலம் லாக்ரொட்டேட் அமைப்பில் 'காப்பிட்ரங்கேட்' (லாக்கைக் காப்பி எடுத்துக்கொண்டு அதே ஃபைலைக் காலியாக்கும் முறை) சேர்த்தேன், அதன்பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. டிஸ்க் முழுக்க நிறைந்தும் நான் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கு) உள்ளே போய் ஃபைல் எழுத முடிந்தது. எங்கள் சர்வரில் இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் உருவாகும்போதே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். சாதாரண சர்வீஸ்கள் நின்றாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய முடிய வேண்டும் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு லினக்ஸ் மேல் மரியாதை கூடுகிறது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு செய்தி. விவசாயிகளின் ரசீதுகளை ஊர், பெயர், ரகம் என்று நீளமாகத் தமிழிலேயே பெயரிட்டு வைக்கிறோம். விண்டோஸ் மெஷினில் நன்றாக இருந்த சில ஃபைல்கள் சர்வருக்குக் காப்பி ஆகும்போது பெயர் நீளம் என்று நின்றன. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் வரம்பு 255 குறிகள், இஎக்ஸ்டி4இல் 255 பைட். எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும், காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. 'மாம்பழம்' என்ற சொல் பார்வைக்கு ஐந்து எழுத்து, குறிகள் 8, பைட் கணக்கில் 24. ஆக ஒரு பெயரில் 85 தமிழ்க் குறிகளுக்கு மேல் போகாது, ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினையே வராது. 'டபிள்யூசி மைனஸ் சி' பைட்டை எண்ணும், 'டபிள்யூசி மைனஸ் எம்' குறிகளை எண்ணும், நீங்களே போட்டுப் பாருங்கள். டெர்மினலில் தமிழ் இன்னும் பல இடங்களில் உடைந்துதான் தெரிகிறது, கொம்பு ஒரு பக்கம் புள்ளி ஒரு பக்கம். இது சீக்கிரம் சரியாக வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

பேக்கப்புக்கு ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் கட்டளை, ராத்திரி கிரானில் ஓடுகிறது. மூலத்தின் கடைசியில் சாய்வுக்கோடு போட்டால் டைரக்டரியின் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் டைரக்டரியோடு சேர்ந்து போகும். 'மைனஸ் என்' போட்டால் எதையும் செய்யாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும், மூலத்தில் இல்லாததைக் காப்பியிலும் அழித்துவிடும் டிலீட் ஆப்ஷன் சேர்க்கும் முன் இதைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். டேட்டாபேஸ் ஓடும்போது அதன் ஃபைல்களை அப்படியே ஆர்சிங்க் செய்தால் அந்தக் காப்பி உருப்படாது, முதலில் டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைத் தனி ஃபைலாக டம்ப் எடுத்து அதைத்தான் அனுப்ப வேண்டும்.

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்றால் கீ ஃபைல் மட்டும் வைத்துப் பாஸ்வேர்டை நிறுத்திவிடுங்கள், இணையத்தில் திறந்திருக்கும் எந்த சர்வரிலும் லாகின் லாக்கைப் பார்த்தால் யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பது தெரியும். நம் ஊர் கேபிள் இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐபி கிடைக்காது, வீட்டிலிருந்து மண்டி சர்வருக்கு நேராக நுழைய முடியாது. அதற்கு எனக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் (இரண்டு இடத்துக்கு நடுவே தனிப் பாதை போடும் மென்பொருள்) கைகொடுத்தது.

குறை என்றால் பிரிண்டர். டாட் மேட்ரிக்ஸில் தமிழ் பில் வரவைக்க அலைந்த அலைச்சல் இன்னும் முழுதாக ஓயவில்லை, ரோல் பேப்பர் பிரிண்டர் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. வாங்கும் முன் லினக்ஸின் பிரிண்டர் மென்பொருளான கப்ஸில் அந்த மாடல் ஓடுமா என்று பாருங்கள். தமிழில் படிக்க நினைப்பவர்களுக்குக் கணியம் தளத்தில் லினக்ஸ் கட்டுரைகள் இருக்கின்றன, ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் ஆர்ச் லினக்ஸின் உதவித் தளமான ஆர்ச் விக்கி எந்த லினக்ஸ் வகைக்காரருக்கும் பயன்படும்.

பெங்களூரு பக்கம் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் சான்றிதழ் பற்றிக் கேட்கிறார்கள். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் முழுக்க செய்முறைத் தேர்வு, சரியான விடையை டிக் அடிக்கும் வேலை கிடையாது, மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். இணையம் கிடையாது, மெஷினில் இருக்கும் மேன் பக்கங்களைப் பார்க்கலாம். மேன் படித்துப் பழகியவனுக்கு அங்கே பயம் இருக்காது. பயிற்சிக்கு ரெட் ஹாட் லினக்ஸைப் போலவே ஓடும் அல்மா அல்லது ராக்கி லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதே குடும்பத்துப் பழைய சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியே முடிந்தது, இன்னும் அதை வைத்தே பாடம் நடத்தும் பயிற்சி மையம் ஒன்றை எனக்குத் தெரியும். பணம் கட்டும் முன் எந்தப் பதிப்பில் சொல்லித்தருகிறீர்கள், ஆளுக்கொரு மெஷின் உண்டா, அதை உடைத்துச் சரிசெய்ய விடுவீர்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிவிடலாம்.