உப்புநீருக்கு எந்த அலுமினியப் படகு: ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா?

கடலுக்கோ கழிமுகத்துக்கோ அலுமினியப் படகு தேடுபவர்கள் பெரும்பாலும் நீளம், எஞ்சின் திறன், இருக்கை அமைப்பு என்ற வரிசையில்தான் பார்க்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்க்க வேண்டியது, படகின் உடல் எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே. மெல்லிய தகடுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடித்த படகு ஒரு வகை. தடித்த தகடுகளை வெல்டிங் மூலம் ஒரே உடலாக்கிய படகு மற்றொரு வகை. இரண்டையும் பார்த்து நான் வாங்கியது வெல்டிங் படகு என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ரிவெட் படகின் நன்மைகள் எளிதில் விளங்குபவை. அதன் தகடு பொதுவாக 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். வெல்டிங் படகில் அது 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை போகும். 2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 கிலோ என்றால், 4 மி.மீ. தகடு 10.6 கிலோ. ஆகவே ரிவெட் படகுக்குச் சிறிய எஞ்சின் போதும், எரிபொருள் குறையும், இழுத்துச் செல்லும் வண்டியும் சிறியதாக இருக்கலாம், விலையும் குறைவு. அலை மோதும்போது வெல்டிங் படகு நிதானமாக நிற்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அதில் அடிப்பாகத்தின் வடிவத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

உலோகக் கலவையைப் பொறுத்தவரை இரு வகைகளும் பெரும்பாலும் மக்னீசியம் சேர்த்த 5000 வரிசையைச் சேர்ந்தவையே. ரிவெட் படகுகளில் 5052 மிகுதி. வெல்டிங் படகுகளில் 5083, 5086 மிகுதி. 5052இல் மக்னீசியம் ஏறத்தாழ 2.5 விழுக்காடு, 5083இல் 4 முதல் 4.9 விழுக்காடு. மூன்றுமே உப்புநீரைத் தாங்கக்கூடியவை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஒன்றை ஒதுக்குவது பொருந்தாது. எந்தக் கலவை என்று விற்பவரால் சொல்லவே முடியாத படகைத்தான் ஒதுக்க வேண்டும்.

தீர்மானமான வேறுபாடு பராமரிப்பில் இருக்கிறது. அதிலும் குறிப்பாக, உப்புநீர் தேங்கி நிற்கும் இடுக்குகளில் இருக்கிறது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும், காற்றோ ஆக்சிஜன் கரைந்த நீரோ பட்டவுடன் அது மீண்டும் உருவாகிவிடும். திறந்த பரப்பில் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலை குறைவு. இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் நூலளவு இடைவெளியில் நிலை வேறு. உள்ளே புகுந்த நீரில் உள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து புதியது வருவதில்லை. குளோரைடு உள்ளே சேர, அமிலத்தன்மை ஏறுகிறது. படலம் கரைந்து உலோகம் குழிகுழியாக அரிபடுகிறது. மேலே தெரியும் அடையாளம் இணைப்பின் ஓரத்தில் கசியும் வெள்ளைப் பொடி மட்டுமே. அதைத் துடைத்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரிவெட் படகு முழுவதும் இத்தகைய இணைப்புகளால் ஆனது. புதிதாக இருக்கும்போது இடைவெளியில் பூசிய அடைப்புப் பசை நீரைத் தடுக்கிறது. அலைமேல் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் மெல்லிய தகடு சற்றே வளைகிறது, ரிவெட் துளைகள் சற்றே தளர்கின்றன, பசை மெல்ல விட்டுப்போகிறது. நன்னீரில் இது வெறும் கசிவு; ரிவெட்டை மறுபடி அடித்து இறுக்கினால் முடிந்தது. உப்புநீரிலோ அந்தக் கசிவுதான் அரிப்புக்கான வாசல். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரால் கழுவினாலும், அந்த நீர் இடுக்கின் உள்ளே புகுந்து உப்பை வெளியேற்றும் என்று நம்ப முடியாது. வெல்டிங் படகின் அடிப்பாகத்தில் வெளிநீர் புகுந்து தேங்கும் மேலேறிய விளிம்புகள் மிகக் குறைவு. என்னைச் சாய்த்தது இந்த ஒன்றுதான்.

துத்தநாகக் கட்டி பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கட்டி தானே கரைந்து படகைக் காப்பது உண்மை, ஆனால் அது நீரில் மூழ்கியிருக்கும்போது, அதே நீரைத் தொடும் பரப்பை மட்டுமே காக்கும். படகு வண்டியின்மேல் நிற்கும்போது அதனால் பயனில்லை. தளப்பலகையின் கீழே தேங்கிய நீருக்கும், ஆழ்ந்த இடுக்குக்கும் அதன் காப்பு எட்டாது. நன்னீருக்கான மக்னீசியக் கட்டியை உப்புநீரில் பயன்படுத்தக் கூடாது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அலுமினியத்தையே தாக்கும், வண்ணப்பூச்சையும் உரித்துவிடும்.

வெல்டிங் படகிலும் குறைகள் உண்டு. வெப்பம் பட்ட இடத்தில் உலோகத்தின் வலிமை இறங்குகிறது. 5083-எச்116 என்ற கடினப்படுத்திய நிலைத் தகட்டின் குறைந்தபட்ச நெகிழ்வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 215 மெகாபாஸ்கல். ஆறவைத்த மென்னிலையில் அதே கலவைக்கு 125 மட்டுமே, வெல்டிங்கை ஒட்டிய பகுதி அந்த நிலையை நோக்கியே போகிறது. தடிப்பும் உள்சட்டமும் அதை ஈடுகட்ட வேண்டும். விரிசல் விட்டால் ஆர்கான் வாயுவுடன் அலுமினியம் வெல்டிங் செய்யத் தெரிந்த கைகள் வேண்டும். ரிவெட் போல வீட்டிலேயே முடித்துவிட முடியாது. உட்புற விலாச் சட்டங்களைத் தொடர்ச்சியாக அல்லாமல் விட்டுவிட்டு வெல்டிங் செய்திருந்தால் அங்கும் இடுக்குகள் இருக்கும்; எனவே, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் உள்ளனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் செம்பு அருகே வரக் கூடாது. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சு, பித்தளைக் குழாய்முனை, செம்பு உப்பில் ஊறவைத்த தளப்பலகை, உள்ளே விழுந்து கிடக்கும் செம்புக் கம்பித் துண்டு என எல்லாமே ஈரத்தில் அலுமினியத்தை அரித்து உடலைத் துளைக்க வல்லவை. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைத் தவிர்க்க முடியாது. அவற்றுக்கு நைலான் உறையும் தடுப்புப் பசையும் கட்டாயம். மின்கம்பி அமைப்பில் படகின் உடலை மின்சாரம் திரும்பும் பாதையாகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை, நீர்மட்டத்துக்கு மேலே 5083 தகட்டுக்குப் பூச்சு அடிக்காமலே விடுவதை நான் விரும்புகிறேன். பூச்சில் கீறல் விழுந்தால் உப்பு அதன் அடியில் ஊர்ந்து கொப்புளம் எழுப்பும், வெறும் உலோகமோ சாம்பல் நிறமாக மங்குவதோடு நின்றுவிடும்.

என் படகு ஓட்டம் முடிந்ததும் நீரைவிட்டு ஏறிவிடும். ஆண்டு முழுவதும் துறையில் கட்டிக்கிடக்கும் படகைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் குறைவு. அங்கே கரை மின்சாரமும் பக்கத்துப் படகுகளின் உலோகமும் சேர்ந்துகொள்வதால், கரை இணைப்பில் மின் தனிப்படுத்தி (கரைக் கம்பி வழியே அரிப்பு மின்னோட்டம் பாயாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் எந்த அலுமினியப் படகையும் விட்டுவைக்க நான் துணிய மாட்டேன்.

பெரும்பாலும் ஏரியிலும் ஆற்றிலும் ஓட்டி, எப்போதாவது அமைதியான கழிமுகத்துக்குப் போகிறவருக்கு ரிவெட் படகே போதும். எடையில் மிச்சமாவதை அவர் ஒவ்வொரு முறையும் உணர்வார். பழைய ரிவெட் படகு வாங்குவதானால், தளப்பலகையைக் கழற்றி அடியில் உள்ள நுரையை வெளியே எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். ஈரத்தில் ஊறிய நுரை தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அதன் பின்னால் குழிகள் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். கழற்ற மறுப்பவரிடம் விலை பேச வேண்டியதில்லை.