உப்புக்காற்றில் 6 வருஷம்: நானே பெயிண்ட் அடித்த சேஸிஸ் இன்று எப்படி இருக்கிறது?

அப்பாவின் வண்டி, 2006 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முள்ளக்காடு பக்கம் உப்பளக் காற்று முகத்தில் அடிக்கும். உதட்டை நக்கினால் கரிக்கும். அந்தக் காற்றில் இத்தனை வருஷம் ஓடிய சேஸிஸ், அதாவது வண்டியையே தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம், பேட்டரிக்குக் கீழே செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் வண்டியை முழுக்கப் பிரித்து, ஸ்ப்ரே கன் பிடித்து நானே அடித்தேன். அடித்த அன்றைக்கு எந்தப் பெயிண்டும் பளபளவென்றுதான் இருக்கும். ஆறு ஐப்பசி மழையைப் பார்த்த பிறகு எது நின்றது, எது போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே வண்டியில் மூன்று விதமாகச் செய்திருந்தேன். சேஸிஸுக்கு அடிப்பூச்சாக எபாக்சி ப்ரைமரும், அதற்கு மேல் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்த பியூ (பாலியூரிதேன்) கறுப்புப் பெயிண்டும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு, வெளியே கடையில் கொடுத்துப் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளை அடித்துச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது). சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, பேட்டரி பெட்டி மூன்றுக்கும் கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பா.

டப்பா பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செயினைத் துடைக்கும்போது சிந்திய பெட்ரோல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்துத் துணியோடு வந்துவிட்டது. எட்டே மாதத்தில் சென்டர் ஸ்டாண்டு பழையபடி ஆனது. வருஷம் ஒருமுறை தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குச் சரி, சேஸிஸுக்கு வேண்டாம்.

பவுடர் கோட்டிங் முதல் மூன்று வருஷம் அருமையாக இருந்தது. பெட்ரோல் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நான் கொடுத்த கடையில் சாண்ட் பிளாஸ்ட் செய்த (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுத்த) கையோடு, அடியில் ப்ரைமர் எதுவும் போடாமல் நேராகப் பவுடரை அடித்துச் சூளையில் வைத்துவிட்டார்கள். அப்போது எனக்கும் கேட்கத் தெரியவில்லை. செயின் உரசி ஓர் இடத்தில் கோட்டிங் விரிசல் விட்டது. உப்புத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே ஊர்ந்து போயிருக்கிறது. மேலே பார்த்தால் வழவழவென்று இருந்தது. போன வருஷம் நகத்தால் கிள்ளினேன், விரல் நீளத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. அடியில் முழுத் துரு. கடலோரத்தில் இருப்பவர்கள் துத்தநாகமோ எபாக்சியோ கலந்த ப்ரைமர் பவுடரை முதலில் அடிப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இனி சேஸிஸ். நான்கு நாள் வேலையில் மூன்று நாள் தேய்ப்புக்கே போனது. பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடுத்து, 80, 180, 320 என்று எமரி பேப்பர் போட்டேன். பேட்டரி ஆசிட் ஒழுகிய இடத்தில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, நுரைப்பது நிற்கும்வரை ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே ப்ரைமர் அடித்தேன். வண்டியிலேயே மோசமாக அரித்திருந்த இடம் அதுதான். இன்று சேஸிஸில் மிக நன்றாக இருப்பதும் அதே இடம்தான்.

ஹேண்டில் கழுத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே ரிமூவரும் துணியும் மட்டும் போட்டு, பெயிண்டையும் மெல்லிசாக அடித்தேன். 2021இல் ஆர்சி புதுப்பிக்கப் போனபோது பென்சில் அச்சில் எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்தது.

டேங்க் அடிப்பது போல சேஸிஸ் அடிக்க முடியாது. எல்லாம் உருண்டைக் குழாய். கன்னிலிருந்து பெயிண்ட் விசிறி போல அகலமாக விரிந்து வந்தால் முக்கால்வாசி காற்றோடு போய்விடும். அந்த விசிறியை மூன்று அங்குல அளவுக்குச் சுருக்கி, ஒரு சாண் தூரத்துக்குள்ளாகப் பிடித்து, குழாயின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். ஒரு குழாயைச் சுற்றி நான்கு இழுப்பாவது வேண்டும். அதைவிட முக்கியம், எங்கே தொடங்குகிறோம் என்பது. வெல்டிங் மூலைகளில் காற்று முட்டித் திரும்பி, பெயிண்டையும் வெளியே தள்ளிவிடும். குழாய்களை முதலில் முடித்துவிட்டு மூலையை நிரப்பப் பார்த்தால், பக்கத்துக் குழாயில் பெயிண்ட் ஒழுகும். அதனால் காற்றைக் குறைத்து மூலைகளை முதலில் முடித்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, அப்புறம் குழாய்களுக்கு வந்தேன். சேஸிஸைத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதல் கோட், நேராகத் திருப்பி அடுத்த கோட்.

இங்கே பனி விலகி, கடல்காற்று ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்தேன். தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினேன். கம்ப்ரஸர் டேங்கில் சேரும் தண்ணீரை நடுநடுவே திறந்து விட்டேன்.

பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. முகத்தில் துணி கட்டுவதெல்லாம் அதற்குப் போதாது. ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

தவறுகளும் நடந்தன. இன்ஜின் மவுண்டிங் இடத்தை மறைக்காமல் முழு கனத்தில் அடித்து, இரண்டாம் நாளே போல்ட்டை முறுக்கிவிட்டேன். முழுதாக இறுகாத பெயிண்ட் வாஷருக்கு அடியில் பிதுங்கிச் சுருண்டது. இரண்டாவது மழையிலேயே முதல் துருப் பொட்டு அங்கேதான் வந்தது. குறைந்தது ஒரு வாரம் காயவிட்டிருக்க வேண்டும். எர்த் ஒயர் பிடிக்கும் இடத்திலும் பெயிண்ட் ஏறிவிட்டதால் ஹாரன், இண்டிகேட்டர் எதுவும் வேலை செய்யவில்லை; அரைநாள் ஒயரிங்கைத் தேடிய பிறகுதான் புரிந்தது. இன்ஜினுக்குக் கீழே ஓடும் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு கோட் குறைந்திருக்கிறது. நின்றபடி பார்த்தால் தெரியாது; கீழே கண்ணாடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய அந்த மழையில், வண்டி இரண்டு நாள் இன்ஜின் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். மவுண்டிங்கிலும் அந்த அடிக்குழாயிலும் துரு கொஞ்சம் பரவியிருந்தது. மற்ற இடமெல்லாம் துடைத்ததும் கறுப்பு அப்படியே இருந்தது.

பெயிண்ட், ஹார்டனர், ப்ரைமர், தின்னர் எல்லாம் சேர்த்து அப்போது 2,600 ரூபாய் ஆனது. கன்னும் கம்ப்ரஸரும் தெரிந்த டிங்கரிங் கடை அண்ணனிடம் இரவல் வாங்கியவை. வரும் மாசியில் ஸ்விங் ஆர்மைக் கழற்றி, பவுடரை முழுக்கச் சுரண்டிவிட்டு, அதற்கும் எபாக்சியும் பியூவும் அடிக்கப் போகிறேன். அந்த அடிக்குழாயையும் அப்போதே தேய்த்துவிடுவேன், இந்த முறை கண்ணாடியோடு.