கார்னியாவை அளந்து சிலிண்டர் பவரைச் சொல்ல முடியுமா? இரண்டு விதிகள்

கண்ணின் முன்னால் உள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவின் வளைவை அளக்கும் கருவி கெரட்டோமீட்டர். அதில் ஒருவருக்குக் கிடைமட்டத்தில் 43.00, செங்குத்தில் 44.00 டயாப்டர் (பவரின் அலகு) வருகிறது. கார்னியாவில் 1 டயாப்டர் ஆஸ்டிக்மாடிசம், அதாவது இரு திசைகளில் வளைவு வேறுபடும் குறை. அதைச் சரிசெய்யக் கண்ணாடியில் எவ்வளவு சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் தரும் பவர்) வரும்?

பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஜவால் 1890இல் தந்த விதிப்படி 1.25ஆல் பெருக்கி 0.50 கழிக்க வேண்டும்: 0.75. பெருக்கலே வேண்டாம், 0.50 கழித்தால் போதும் என்று 1988இல் குரோஸ்வெனர் குழுவினர் இதை எளிமையாக்கினார்கள்: 0.50. கிடைமட்டத்தில் வளைவு அதிகமென்றால் இரண்டிலுமே கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும்.

கால் டயாப்டர்தானே என்று தோன்றும். ஆனால் செங்குத்து வளைவு 3 டயாப்டர் அதிகமாக உள்ள கண்ணில் ஜவால் 3.25 என்கிறார், எளிய விதி 2.50 என்கிறது. முக்கால் டயாப்டர் என்பது கண்ணாடி போடுபவருக்கு நன்றாகவே தெரியும். மனக்கணக்குக்கு நான் எளிய விதியைத்தான் எடுப்பேன். ஆனால் எதை எடுத்தாலும் அதை அப்படியே கண்ணாடிச் சீட்டில் எழுதக் கூடாது.

காரணம் அந்த 0.50தான். கெரட்டோமீட்டர் பார்ப்பது கார்னியாவின் முன்பரப்பில், நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டும். பின்பரப்பும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் அதன் கணக்கில் நேரடியாக வராது. அவை இரண்டும் சேர்ந்து பலருக்கு ஏறத்தாழ அரை டயாப்டரை எதிர்த்திசையில் சேர்க்கின்றன. அந்தச் சராசரியைத்தான் விதி எல்லோருக்கும் மாட்டுகிறது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் சராசரி மனிதராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே! அச்சு கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ இல்லாமல் சாய்ந்திருந்தால் கூட்டுவதா கழிப்பதா என்பதே குழப்பம். கார்னியா கூம்பு போல் புடைக்கும் கெரட்டோகோனஸ் கண்ணில் கெரட்டோமீட்டர் எண்ணையே நம்ப முடியாது.

அப்புறம் இந்த விதிகள் எதற்கு? எச்சரிக்கை மணியாக. கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிக்கும் சோதனைகளான ரெட்டினாஸ்கோப்பியும் கிராஸ் சிலிண்டரும் தரும் விடை விதியிலிருந்து ஒரு டயாப்டருக்கு மேல் விலகினால் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கண்புரை அறுவையில் நிலைமையே வேறு. பழைய லென்ஸை எடுத்துவிடுகிறார்கள், அதோடு அதன் பங்கும் போய்விடுகிறது. ஆகவே ஜவாலை வைத்து டோரிக் லென்ஸ் (ஆஸ்டிக்மாடிசத்தையும் திருத்தும் செயற்கை லென்ஸ்) தேர்ந்தெடுப்பது தவறு. அதே நேரம் முன்பரப்பு எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான்: பின்பரப்பு சராசரியாக 0.3 டயாப்டர் வரை கணக்கை மாற்றும். அதை நேரடியாக அளப்பது, அல்லது பாரெட் டோரிக் கால்குலேட்டர் போலப் பின்பரப்பையும் கணக்கில் எடுக்கும் சூத்திரத்தைப் பயன்படுத்துவது, இந்த இரண்டில் ஒன்று வேண்டும்.